மாப்ளே, உன் கடை ஏரிக்குள்ள இருக்குது

வா மாப்ளே, குந்து. அந்தப் பக்கம் பலகை ஆடும், இப்டித் தள்ளிக் குந்து. டீ சொல்றேன். சர்க்கரை போட்டா, போடாமயா? இணையதளம் வெச்சிருக்கிற பெரிய மனுஷன், இனிமே உன்னைக் கேட்டுத்தான் எதையும் செய்யணும். நானும் இப்பதான் வந்தேன். கொல்லையில கீரைக்குக் குடத்துல தண்ணி மொண்டு ஊத்திட்டு வர்றதுக்குள்ள இடுப்பு கழண்டு போச்சு. அது கெடக்கட்டும், உன் கதைக்கு வருவோம்.

நேத்து ராத்திரி பேத்தி போன்ல காட்டுனா. பட்டாபிராம் டைடல் பார்க்கு 2024-ல தொறந்தாங்களே, அங்கதான் வேலை செய்யுது. ‘தாத்தா, மாமா கடைக்கு வெப்சைட்டு வந்திருச்சு’ன்னு துள்ளிச்சு. முழுசாப் பாத்தேன். தொறந்ததும் ஒரு சக்கரம் சுத்துச்சு. நான் வெத்தலைக்குச் சுண்ணாம்பு தடவி, மடிச்சு, வாயில போட்டு ஒதுக்குற வரைக்கும் சுத்துச்சு. காயில் கட்டுற கடைதானே, மோட்டார் ஓடுறதைக் காட்டுறான் போலன்னு நெனச்சேன். அப்புறம் பாத்தா ரெண்டு வெள்ளக்காரனுங்க கோட்டு போட்டுகினு கையக் குலுக்குறானுங்க. பின்னாடி ஒரு வெள்ளக்காரி சிரிக்குது. யாரு மாப்ளே அவங்கள்லாம்? எப்ப வந்து உன் கடையில வைண்டிங் பண்ணாங்க? நான் பாத்த வரைக்கும் வார்னிஷ் டின்னு மேல குந்திகினு செப்புக் கம்பி சுத்துற அந்த ஒல்லிப் பையன்தான் இருக்கான். அவன் போட்டோ எங்க? கையில கம்பி கிழிச்ச தழும்போட அவன் ஒரு ஸ்டேட்டரப் புடிச்சிகினு நின்னா, பாக்கறவனுக்கு ‘சரி, வேலை தெரிஞ்ச எடம்’னு தோணும். கோட்டு போட்டவனப் பாத்தா பில்லு ஏறும்னுதான் தோணும்.

அதுக்குக் கீழ இங்கிலீசுல ரெண்டு பத்தி. பேத்தி அர்த்தம் சொன்னா. உன் தொலைநோக்காம், உன் லட்சியமாம், உலகத்தரத் தீர்வாம். வேப்பம்பட்டுல ஒருத்தனுக்கு விடியக்காலையில போர் மோட்டார் எரிஞ்சு போச்சு. மாடித் தொட்டி காலி. பொண்டாட்டி வாளியத் தூக்கிகினு நடுக்கூடத்துல நிக்கிறா, புள்ளைக்கு ஸ்கூல் வேன் வந்துடும். அவனுக்கு உன் தொலைநோக்கு இன்னாத்துக்குடா? உன் போன் நம்பர் வேணும். அதைத் தேடித் தேடிப் பாத்தேன், கடைசியில, எறும்பு சைஸ்ல, சாம்பல் கலர்ல போட்டிருக்கே. அதுவும் நீ ரெண்டு வருஷம் முன்ன தொலைச்ச சிம்மு நம்பரு.

மொறைக்காதே. நான் இணையதளம் வேணாம்னு சொல்ற கட்சி இல்ல. அந்தக் காலத்துல யாருக்கு மோட்டார் எரிஞ்சாலும் நாலு வீடு தள்ளிக் கேட்டா ‘அவனாண்ட போ’ம்பாங்க. இப்ப இந்த ஏரியைச் சுத்தி வயல் எல்லாம் பிளாட் ஆயிருச்சு. நெமிலிச்சேரி வழியா வெளிவட்டச் சாலை வந்திருச்சு. புது வீடு, புது போரு, புது ஆளு. பக்கத்து வீட்டுக்காரன் பேரே தெரியாது, அப்புறம் எங்க மெக்கானிக் பேரக் கேக்குறது? போனத்தான் கேக்குறான். கேக்கட்டும். ஆனா கேட்டவனுக்கு உன் போன் இன்னா சொல்லுது தெரியுமா?

போன வாரம் ஏரிக்கரையில நின்னுகினு இருந்தேன். ஒருத்தன் டிவிஎஸ் எக்ஸெல்ல வர்றான். முன்னாடி கோணி சுத்துன மோட்டாரு, கயித்தால ரெண்டு சுத்து கட்டிருக்கான். கட்டை மேல வண்டிய நிறுத்திட்டு போனப் பாக்குறான், தண்ணியப் பாக்குறான், என்னப் பாக்குறான். போனுக்குள்ள இருக்கற அம்மா ‘வந்து சேர்ந்துட்டீங்க’ன்னு சொல்லுது.

‘ஐயா, இங்க காயில் கட்டுற கடை எங்க?’

‘போன்ல எங்கன்னு காட்டுது தம்பி?’

காட்டுறான். ஏரிக்கு நட்டநடுவுல செவப்புப் புள்ளி. மேல உன் கடை பேரு. நீ பெரியபாளையம் ரோட்டுல குந்தியிருக்கே, உன் புள்ளி மீனோட குந்தியிருக்குது.

‘கடை தண்ணிக்குள்ளயாய்யா?’ன்னான்.

‘சப்மர்சிபிள் கடை தம்பி, அப்டித்தான் இருக்கும்’னேன்.

சிரிக்கல பாவம். நானே வழி சொல்லி அனுப்பி வெச்சேன். அவன் போய்ச் சேந்தப்ப உன் கடை பூட்டு. மத்தியான சாப்பாடு. தப்பில்ல, சாப்பிடாம யாரும் காயில் கட்ட முடியாது. ஆனா உன் இணையதளத்துல ‘24 மணி நேரமும் சேவை’ன்னு கொட்டை எழுத்துல எழுதியிருக்கே. நம்பரக் கடைசியில சாம்பல்ல போட்டவன், இந்தப் பொய்ய மட்டும் எதுக்குடா செவப்புல போட்டே?

இதுல உன்னை மட்டும் குத்தம் சொல்ல முடியாது. கண்ணுக்குத் தெரியாத எடத்துல கட்டடம் கட்டுறது நம்ம திருநின்றவூர் மண்ணுல ஊறுனது. சுவிட்சர்லாந்து பக்கம் செர்ன்னு ஒரு ஆராய்ச்சிக் கூடம், அங்க டிம் பெர்னர்ஸ்-லீன்னு ஒருத்தர் மொத இணையதளத்த 1991-ல உலகத்துக்குத் தொறந்து விட்டாராம். அதுல ஒரு படம் கூடக் கெடையாது, வெறும் எழுத்து. பேத்திதான் சொல்லிச்சு. நான் கேட்டேன், ‘ஏம்மா, பூசலார் போட்டது அதுக்கு முன்னாடியா, பின்னாடியா?’ன்னு.

சிரிக்காதே, பெரிய புராணத்துல இருக்குது. மனுஷனுக்குச் சிவனுக்குக் கோயில் கட்டணும்னு ஆசை. கையில காசு இல்ல. அலைஞ்சு பாத்தாரு, ஒண்ணும் பேரல. சரின்னு குந்தி மனசுக்குள்ளயே கட்ட ஆரம்பிச்சிட்டாரு. உன்னாட்டம் ரெடிமேடா வாங்கி ஒரே ராத்திரியில ஒட்டல. நல்ல நாள் பாத்து அடித்தளம் போட்டு, அளவு பாத்து வரிசை வரிசையா எழுப்பி, சிகரம், கெணறு, கொளம், மதில்னு ஒண்ணும் விடாம முடிச்சு, குடமுழுக்குக்கு நாளும் குறிச்சாரு. அதே நாளுக்குக் காஞ்சிபுரத்துல பல்லவ ராஜா தான் கல்லால கட்டுன கோயிலுக்கும் குறிச்சு வெச்சிருந்தான். கைலாசநாதர் கோயில்தான் அது, ராஜா ராஜசிம்மன்தான்னு சொல்லுவாங்க. ஆச்சு ஒரு 1300 வருஷம். ராத்திரி சிவபெருமான் ராஜா கனவுல வந்து, ‘நாளைக்கு நான் நின்றவூர்ல பூசல் கட்டுன கோயிலுக்குப் போறேன், நீ உன் நாளத் தள்ளி வெச்சிக்கோ’ன்னுட்டாரு.

ராஜா பொறப்பட்டு இங்க வந்து எறங்குறான். ‘பூசல் கட்டுன கோயில் எங்க?’ ஊர்ல ஒருத்தனுக்கும் தெரியல. அப்டி ஒரு கோயிலே இல்லங்கறாங்க.

இங்கதான் மாப்ளே நீ கவனிக்கணும். சிபாரிசு பண்ணது யாரு? சாட்சாத் பரமசிவன். இதுக்கு மேல ஒரு விளம்பரம் உண்டா? வந்தவன் யாரு? ராஜா. வழியெல்லாம் சரியாத்தான் வந்தான். வந்து நின்னா காட்டறதுக்கு ஒரு கதவு இல்ல! அவன் ராஜாவா இருந்தான், பக்தியும் இருந்துச்சு, பூசலாரத் தேடிப் புடிச்சுக் கால்ல விழுந்தான். உன் எக்ஸெல்காரன் விழுவானா? அவன் பட்டாபிராம் பாத்து வண்டியத் திருப்பிட்டான். பூசலாருக்கு வந்து சேர வேண்டியது கடவுள். அவரு மேப்பு பாக்க மாட்டாரு. உனக்கு வர வேண்டியது கோணி சுத்துன மோட்டாரு. பின்னால நம்ம ஊர்லயே இருதயாலீஸ்வரர்னு கோயில் வந்திருச்சு பாத்தியா, நெஞ்சு வலிக்காரங்க தேடித் தேடி வந்து வேண்டிக்கறாங்க. மனசுல கட்டுனதே போதும்னு ஊர்ல யாரும் சும்மா இருந்துடல.

டீ ஆறுது, குடி.

இந்தக் கூகுள்காரன் கடையெல்லாம் வரிசை போடுறானே, அவன் எப்டிப் போடுறான்னு கேட்டுத் தெரிஞ்சிகினேன். நம்ம கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தம். அவனுக்கு மூணுதான். தேடுறவன் கேட்டதுக்கும் நீ செய்யற வேலைக்கும் ஒத்துப் போவுதா, அவன் நிக்கிற எடத்துக்கும் உன் கடைக்கும் எவ்வளவு தூரம், உன் பேரு வெளிய எவ்வளவு தெரிஞ்சிருக்குது. இதுல தூரத்த நீ ஒண்ணும் பண்ண முடியாது, புள்ளிய ஏரியில இருந்து கரையேத்துறதத் தவிர. மொதப் பொருத்தத்துல நீ ஜாதகமே தப்பாக் குடுத்திருக்கே. கடை இன்னா கடைன்னு கேட்டதுக்கு ‘இன்ஜினியரிங் நிறுவனம்’னு போட்டியாமே. ஏன், ‘மோட்டார் ரீவைண்டிங்’னு போட்டா கௌரவம் கொறைஞ்சிடுமா? எரிஞ்ச மோட்டார வெச்சிகினு எவன்டா இன்ஜினியரிங் நிறுவனத்தத் தேடுறான்?

ஊர் பேரும் ஒரு தலைவலி. இங்கிலீசுல நடுவுல ‘டி’ போட்டு எழுதறவன் ஒருத்தன், போடாம எழுதறவன் ஒருத்தன், ‘எச்’ச முழுங்கறவன் ஒருத்தன். எங்க வயசு ஆளுங்க தின்னனூர்ம்பாங்க. எல்லாருக்கும் பதில் சொல்ற மாதிரி உன் பக்கத்துல ஊர் பேர அங்கங்க விதவிதமா, தமிழ்லயும் சேத்து, இயல்பா எழுதி வை. பக்கத்துல வேப்பம்பட்டு, செவ்வாப்பேட்டை, நெமிலிச்சேரி, பாக்கம்னு எந்தெந்த ஊருக்கு நீ போய் மோட்டார் கழட்டுவியோ அதையும் எழுது. போகாத ஊர் பேர எழுதாதே. உன் கிட்ட இருக்கறது ஒரு பழைய ஸ்பிளெண்டரு, அத வெச்சிகினு தமிழ்நாடு முழுக்க சேவைங்கறே.

கடை உன்னுதுதான்னு கூகுளுக்கு நிரூபிக்கணுமே, அத்த முடிச்சியா? முன்ன தபால்ல ஒரு கார்டு வரும், அதுல இருக்கற நம்பரப் போடணும். இப்ப வீடியோ எடுத்து அனுப்பச் சொல்றானாம். தெருவக் காட்டு, போர்டக் காட்டு, சாவியப் போட்டு நீயே கதவத் தொறந்து காட்டுன்னு. எனக்கு இந்த ஏற்பாடு ரொம்பப் புடிச்சிருக்குது. வருஷத்துல ஒரு நாளாவது நீ நேரத்துக்குக் கதவத் தொறந்ததுக்கு அது ஒண்ணுதான் சாட்சி.

இப்ப முக்கியமான சமாச்சாரம் கேக்கறேன், நேராச் சொல்லு. அந்தப் பேரு, டாட் இன்னுன்னு முடியுதே, அது யாரு பேர்ல இருக்குது? செஞ்சு குடுத்த பையன் பேர்லயா? இமெயிலும் அவனுதா? பணம் மட்டும் உன்னுது! அடேய், எங்கப்பன் கால் காணி வாங்க மூலப்பத்திரம் பாத்து, வில்லங்கம் போட்டுப் பாத்து, பட்டா மாத்துறதுக்குத் தாலுகா ஆபீஸுக்குச் செருப்புத் தேய நடந்தாரு. அவரு பேரன் அடுத்தவன் பட்டாவுல வீடு கட்டி, கிரகப்பிரவேசத்துக்கு ஸ்டேட்டஸ் வேற வெச்சிருக்கான். அந்தப் பையன் நல்லவனாவே இருக்கட்டும். நாளைக்கு அவன் துபாய் போயிட்டான், வருஷக் கட்டணத்த எவன் கட்டுவான்? கட்டலன்னா எவன் வேணும்னாலும் அந்தப் பேர எடுத்துக்கலாம். உன் பழைய விசிட்டிங் கார்டப் பாத்துட்டு வர்றவன் எவனோ சூதாட்டம் நடத்துற எடத்துல போய் நிப்பான். இன்னிக்கே பேர உன் பேருக்கு மாத்து. கட்டற தேதியச் சுவத்துல எழுதி வை.

அதுக்காக ஓசியில கெடைக்குதுன்னு போயும் மொத்தக் குடித்தனத்தையும் வெச்சிடாதே. கூகுளே கடைக்காரங்களுக்கு ஓசியில பக்கம் கட்டிக் குடுத்தான், 2024 மார்ச்சுல அத்தனையும் மூடிட்டான். அவன் எடம், அவன் எடுத்துகினான். பொறம்போக்குல குடிசை போட்டவன் கோச்சிக்க முடியுமா? குடிசையும் இருக்கட்டும், மேப்புல பேரும் இருக்கட்டும், வாட்ஸாப்பும் இருக்கட்டும். பட்டா நெலம் ஒரு சென்ட்டாவது உன் பேர்ல இருக்கணும்.

அப்புறம் அதுல இன்னா எழுதறதுன்னு கேக்கறே. ராயபுரத்துல வளந்த முருகவேல் ஜானகிராமன் கதை கேட்டிருப்பே. அமெரிக்காவுல வேலை செஞ்சிகினு 1997-ல தமிழாளுங்களுக்குன்னு ஒரு தளம் போட்டாரு. அதுல தமிழ் காலண்டர், பண்டிகை சேதி, கூடவே கல்யாண வரன். பாத்தா ஜனம் வரனுக்குத்தான் வருது. ஒடனே அதப் புடிச்சிகினாரு, பாரத் மேட்ரிமோனி ஆச்சு. அவருக்கே அதுலதான் பொண்ணு கெடச்சுது. அவ்ளோ பெருசா வளந்தப்புறமும் தெருவுல போர்டு மாட்டி ஆபீஸ் தொறந்தாங்க பாரு, ஏன்னா பொண்ணப் பெத்தவன் நேர்ல குந்திப் பேசாம நம்ப மாட்டான். ஜனம் எதுக்கு வருதுன்னு பாத்து அதக் குடுத்ததுதான் அதுல எனக்குப் புடிச்சது.

உன்னாண்ட ஜனம் எதுக்கு வருது? சொல்றேன். மோட்டார் சுவிட்சப் போட்டா ‘ம்ம்ம்’னு மொனகுது, சுத்த மாட்டேங்குது. பாதிப் பேரு காயில் போச்சுன்னு பதறிகினு தூக்கிகினு வர்றான். நீ பாத்துட்டு இன்னா சொல்லுவே? சிங்கிள் பேஸ் மோட்டார்ல பல நேரம் கப்பாசிட்டர்தான் போயிருக்கும், மாத்துனா ஓடிடும்ப. அதையே எழுதுடா! ‘மோட்டார் மொனகுதா? ஒடனே சுவிட்ச அணைங்க, அப்டியே விட்டா காயில் நெசமாவே எரியும். கழட்டறதுக்கு முன்ன எனக்கு ஒரு போன் போடுங்க.’ அடிக்கடி டிரிப் ஆவுதா, தண்ணி கொறைஞ்சு சும்மா ஓடுதா, வோல்டேஜ் கம்மியா, எது எதுக்கு இன்னா அறிகுறின்னு நாலு வரி. ஒரு ஹெச்பிக்குக் காயில் கட்ட எவ்வளவுல இருந்து எவ்வளவு, எத்தன நாள். வார்னிஷ் காயறதுக்கே நேரம் ஆவும், அவசரப்பட்டா திரும்ப எரியும்னு காரணத்தோட சொல்லு.

‘தொழில் ரகசியத்த ஊருக்கே சொன்னா எவன் வருவான் மாமா’ங்கறே. வைத்தியர் சுக்குக் கஷாயம் சொல்லிக் குடுத்தாருன்னு வைத்தியரையா விட்டுட்டாங்க? கப்பாசிட்டர்னு நேர்மையாச் சொன்னவனாண்டதான், நெசமாக் காயில் எரிஞ்சன்னிக்கு மோட்டாரக் குடுப்பான். எழுதறது தமிழ்ல எழுது. உன் இங்கிலீசு எனக்குத் தெரியும்.

கல்லாவாண்ட ஒரு நாப்பது பக்க நோட்டும் போடு. வர்றவன் ஒவ்வொருத்தனையும் ‘யாரு சொல்லி வந்தீங்க?’ன்னு கேட்டு ஒரு கோடு கிழி. மேப்பா, இணையதளமா, போர்டப் பாத்தா, சொந்தக்காரன் சொல்லியா. மூணு மாசம் கழிச்சு அந்த நோட்டு உனக்கு வழி சொல்லும். அந்தப் பையன் மாசா மாசம் ‘இவ்ளோ பேர் பாத்தாங்க சார்’னு ஒரு படம் அனுப்புறானே, அதுல பாதி நீயே தொறந்து தொறந்து பாத்ததுடா. கோயிலுக்கு எதுத்தாப்ல பூக்கடை போட்டவன் தேர் பாக்க வந்த கூட்டத்தயா கணக்குல எழுதறான்? பூ வாங்குனவனத்தான் எழுதுவான்.

மூணாவது பொருத்தம் பாக்கி நிக்குது, பேரு. இந்த ஸ்டாரு, கருத்து, அதெல்லாம். ‘வேலை முடிச்சவங்களாண்ட ஸ்டார் போடுங்கன்னு கேக்கக் கூச்சமா இருக்குது மாமா’ன்னே. கூச்சமா? நம்ம ஊர்ப் பெருமாள விடவா நீ பெரிய ஆளு?

திருமங்கையாழ்வார் இந்த வழியாப் போனாரு. ஒவ்வொரு ஊராப் பாடிகினு வந்தவரு, நம்ம பக்தவத்சலரப் பாடாமயே போயிட்டாரு. தாயார் சும்மா இருப்பாங்களா? ‘போய் ஒரு பாட்டு வாங்கிட்டு வாங்க’ன்னு பெருமாளத் தொரத்துனாங்க. இவரு போய்ச் சேர்றதுக்குள்ள ஆழ்வார் மாமல்லபுரம் போயிட்டாரு. அங்க பாடறப்ப இவரையும் சேத்துப் பாடிக் குடுத்தாரு. வாங்கிகினு வந்தா, ‘மத்த ஊருக்கெல்லாம் பத்து பத்து, நமக்கு ஒண்ணுதானா?’ன்னு தாயாரு கேட்டாங்களாம். திரும்பவும் நடை. ஆழ்வார் அதுக்குள்ள திருவாரூர் பக்கம் திருக்கண்ணமங்கை போயிட்டாரு, அங்க இன்னொண்ணு. ரெண்டு பாட்டுக்குத் தொண்டை நாட்டுல இருந்து சோழ நாட்டு வரைக்கும் பெருமாள் நடந்தாரு, 108 திவ்யதேசத்துல நம்ம ஊரு நிக்குது. நீ ஓடிட்டிருக்கற மோட்டார் முன்னாடி நின்னுகினு, ‘அண்ணே, திருப்தின்னா ரெண்டு வரி எழுதுங்க’ன்னு சொல்றதுக்குக் கூச்சப்படறே. அதுவும் உன் அத்தை மாதிரி ஒரு பொம்பளை பின்னாடி நின்னு தொரத்துனாத்தான் நடக்கும் போல.

ஆனா ஒண்ணு. காசு குடுத்து ஸ்டார் வாங்கற வேலை மட்டும் வேணாம். நூறு ரூபாய்க்கு ரீசார்ஜ் பண்றேன், அஞ்சு ஸ்டார் போடுன்னா கூகுளும் ஒத்துக்க மாட்டான். நம்ம அரசாங்கத்துலயும் இந்தப் பொய்க் கருத்துங்களுக்காகவே 2022-ல இந்திய தர நிர்ணய அமைவனம் ஐ.எஸ். 19000-ன்னு ஒரு தரம் வகுத்திருக்காங்க. நான் டீக்கடை பேப்பர்ல படிச்சதுதான். ஒரே நாள்ல முப்பது பேரு ‘அருமை, அருமை’ன்னு எழுதுனா எவனும் நம்ப மாட்டான் மாப்ளே, கல்யாண மண்டபத்து மொய் மாதிரி இருக்கும்.

திரு நின்ன ஊருடா இது. வைகுண்டத்துல கோச்சிகினு வந்த மகாலட்சுமி இங்கதான் நின்னாங்க. சமுத்திரராஜா வந்து ‘என்னைப் பெத்த தாயே’ன்னு கூப்பிட்டும் அசையல. அந்தம்மா நிக்கிற ஊர்ல, உன் கடை வாசல்ல மட்டும் ஏன் நிக்க மாட்டேங்குது? பூட்டைப் பாத்துட்டுப் போயிடுது.

இன்னா, எழுந்திருச்சிட்டே? கடைசியா ஒரு வருத்தமா? சொல்லு. யாரோ ஒருத்தன் ஒத்த ஸ்டார் போட்டிருக்கானா? ‘வேலை சுத்தம், வாக்குதான் சுத்தமில்ல, மூணு வாரமா நாளைக்கு நாளைக்குன்னு சொல்றான்’னு எழுதியிருக்கானா. பேரு ‘ஏரிக்கரை நண்பன்’னு இருக்குதா. எவன்டா அது, எதிர்க்கடைக்காரனா இருக்குமோங்கறியா?

ஏன்டா, உன் கடை மூலையில, கோணி போட்டு மூடி, அரை ஹெச்பி மோனோபிளாக் ஒண்ணு மூணு வாரமாக் கெடக்குதே. அது யாருதுன்னு நெனச்சிகினு இருக்கே? நான் ஏன் குடத்துல தண்ணி மொண்டு ஊத்தறேன்னு ஒரு வார்த்தை கேட்டியா வந்ததுல இருந்து?

மொறைக்காதே, குந்து. காசு குடுத்துத்தான் ஸ்டார் வாங்கக் கூடாதுன்னேன். மோட்டாரக் குடுத்து வாங்கலாம். பேத்தி ஆறு மணி வண்டிக்கு வந்துடும், போன் அவளாண்டதான் இருக்குது.